மதகு இருந்த இடத்தில் கதவு

வில்லியனூர் தேரடி வீதியில், போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல் இருந்த அந்த அறைக்குப் படியேறுவதற்குள் அனுப்பிரியா மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டாள். பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் கைப்பையை மார்போடு அணைத்தே வைத்திருந்தாள்.

கதவில் 'லில்லி - துப்பறியும் பணி' என்று எழுதியிருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் லில்லி. பக்கத்தில் நெடுநெடுவென்று ஒருவன், சட்டைப் பையில் நான்கு பேனாவோடு நின்றிருந்தான். அவருடைய உதவியாளன் புகழ்வேந்தன்.

"உக்காரும்மா. மொதல்ல தண்ணி குடி. அப்புறமா நிதானமா பயப்படலாம்" என்றான் புகழ்வேந்தன்.

அனுப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். மூன்றும் கட்டம் போட்ட குறுக்கெழுத்துப் புதிர்கள்.

"மதகடிப்பட்டுல ஒரு டிடிபி சென்டர்ல வேல பாக்கறன் மேடம். மணப்பட்டு பீச்சுல 'நீலக்கரை'ன்னு ஒரு ரெஸ்டோ பார் இருக்குது. சனிக்கிழம சாயந்தரமானா அங்க குவிஸ் நடக்கும். ஒவ்வொரு டேபிளும் ஒரு டீம். கடைசி ரவுண்டு தமிழ்க் குறுக்கெழுத்து. அத நான்தான் போட்டுத் தரன். நாலு மாசமாச்சு."

"குடிச்சிட்டுக் குறுக்கெழுத்தா? நமக்கு நேர் எழுத்தே வராது" என்றான் புகழ்வேந்தன்.

"சும்மா இருடா. நீ சொல்லும்மா" என்றார் லில்லி.

"எழுதி முடிச்ச பேப்பர ஒரு பொட்டியில போட்டுடுவாங்க. கடைசி மூணு வாரமும் டீம் பேர் போடாம ஒரு பேப்பர் வந்துது. ஒவ்வொண்ணுலயும் ரெண்டே ரெண்டு விடை தப்பு. குடிகாரங்க வெளையாட்டுன்னு வுட்டுட்டன். நேத்து ராத்திரி ஃபைல அடுக்கறப்பதான் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தன்..."

விரலால் காட்டினாள்.

முதல் தாளில் 'ஏரிக்குக் காவல், வயலுக்கு வாசல்' என்ற குறிப்புக்கு 'மதகு' என்று வர வேண்டும். 'கதவு' என்று எழுதியிருந்தது. 'பாட்டு' வர வேண்டிய இடத்தில் 'பூட்டு'. இரண்டாவது தாளில் 'கயிறு' என்பதற்குப் பதில் 'கிணறு'. 'தேரில் வருவார்' என்பதற்கு 'சாமி' போடாமல் 'சாவி'. மூன்றாவதில் 'பனி' இருக்க வேண்டிய இடத்தில் 'சனி'. 'பயிர்' இருக்க வேண்டிய இடத்தில் 'உயிர்'.

"கதவு, பூட்டு, கிணறு, சாவி, சனி, உயிர்" என்று அனுப்பிரியா முணுமுணுத்தாள். "எங்க வூட்டுப் பின்கதவுல பூட்டு போட்டிருக்கும். சாவிய கெணத்து மேடையில ஒரு பொந்துல வெப்போம். நானும் அம்மாவும் மட்டுந்தான். வேற யாருக்கும் தெரியாது. யாரோ எங்க வூட்ட நோட்டம் பாத்திருக்காங்க மேடம். இன்னிக்கு சனிக்கிழம."

"பாகூர் வரைக்கும் பாதி வூட்டுச் சாவி கெணத்தடியிலதான் கெடக்குது" என்ற புகழ்வேந்தன், அவள் முகத்தைப் பார்த்ததும் அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

"அம்மா எங்க?" என்றார் லில்லி.

"திருபுவனையில மாமா வூட்ல வுட்டுட்டு வந்துட்டன்."

"நல்லது பண்ண." லில்லி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களைக் குனிந்து பார்த்தார். "மத்த விடையெல்லாம் சரி. கஷ்டமானதும் சரி. தப்பா எழுதுன ஆறுலயும் பாரு, குறுக்க போற எழுத்து கெடல. மதகுலயும் 'த' நடுவுல, கதவுலயும் 'த' நடுவுல. சரியான விடை தெரிஞ்சவங்கதான் இப்படித் தப்பா எழுத முடியும்."

புகழ்வேந்தன் மூன்றாவது தாளை எடுத்து மோந்து பார்த்தான். அதன் நடுவில் வட்டமாக ஒரு மஞ்சள் கறை.

"மேடம், ரசம். மிளகு ரசம். நானும் பாண்டிச்சேரியில பாக்காத பார் இல்ல. ரசம் ஆர்டர் பண்ணவன ஒருத்தனையும் பாத்ததில்ல."

லில்லி நிமிர்ந்தார். "உன்கிட்ட ஒரிஜினல் இருக்குதா?" என்று கேட்டு, அனுப்பிரியா எடுத்துக் கொடுத்த சுத்தமான பிரதியை மூன்றாவது தாளின் பக்கத்தில் வைத்தார். வரி வரியாக ஒப்பிட்டவரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"உன்னோடதுல 'மார்கழி விடியலில் விழும்'னு இருக்குது. இதுல 'தை விடியலில் விழும்'னு இருக்குதே?"

அனுப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"அது... மொதல்ல நான் தைன்னுதான் போட்டன். வெள்ளிக்கிழம ஃபைல அனுப்பிட்டு, அப்புறமா மாத்தி, எங்க கடையிலயே நாப்பது காப்பி எடுத்துட்டுப் போனன். பார்ல குடுத்ததெல்லாம் மார்கழிதான்."

"அப்ப இந்தத் தை யாருகிட்ட இருந்துது?"

"பார் ஓனர் வூட்டு பிரிண்டர்ல மட்டுந்தான் எடுத்திருப்பாங்க. மணவாளன் சாருக்கு மட்டுந்தான் அனுப்புனன்."

மணவாளன். நான்கு மாதமாக வாரம் தவறாமல் அவளைப் பார்த்துச் சிரிக்கிற மனிதர். ஒருநாள் மழையில் தன் காரிலேயே அவளை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவர். அப்படியானால் வீடு அவருக்குத் தெரியும்.

அனுப்பிரியா தாள்களை அள்ளிப் பைக்குள் திணித்தாள்.

* * *

லில்லியின் பழைய மாருதியில் கரிக்கலாம்பாக்கம் தாண்டிப் பாகூர் வழியாகப் போனார்கள். புகழ்வேந்தன் ஓட்டினான். இரண்டு பக்கமும் கரும்பு ஆள் உயரத்துக்கு நின்றது. ஏரிக்கரை வந்தபோது ஷட்டர் போட்ட பெரிய மதகைப் பார்க்கப் பிடிக்காமல் அனுப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு வரணுமான்னு இருக்குது மேடம்."

"வராம வூட்ல உக்காந்தா பயம் போயிடுமா?"

"போவாது."

"அப்ப வா. நீ வழக்கம்போல பேசு. இன்னிக்குப் புதிர பிரிண்ட் எடுக்கணும், வூட்டுக்கு வரட்டுமான்னு கேளு. அவ்வளவுதான். நாங்க உன் சொந்தக்காரங்க."

"நான் உனக்கு அண்ணன்" என்றான் புகழ்வேந்தன். "சம்பளம் இல்லாத அண்ணன்."

நீலக்கரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆள் இல்லை. கவிழ்த்துப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே மணவாளன் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, இவ்ளோ சீக்கிரம்?"

அனுப்பிரியா எப்படியோ சொன்னாள். "கடையில கரண்ட் இல்ல சார். உங்க வூட்ல பிரிண்ட் எடுத்துக்கலாமான்னு..."

சிரிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் மைக்கைச் சுற்றியிருந்த விரல்கள் இறுகியதை அவள் பார்த்தாள்.

"வூடு பூட்டிக் கெடக்குதும்மா. எங்க அண்ணி உஷாராணி பிரான்சுல மவ வூட்டுக்குப் போயி பதினோரு மாசமாச்சு. அவங்க போனதுலருந்து வூட்ல உல வெக்கறதே இல்ல. எனக்கு மூணு வேளையும் இங்கதான். நீ ஃபைல அனுப்பு, நானே எடுத்தாந்துடறன். இப்ப டவுனுக்குக் கெளம்பிக்கினு இருக்கறன்."

"வீடு எங்க சார், பக்கத்துலயா?" என்று லில்லி சாதாரணமாகக் கேட்டார்.

"அஞ்சாறு தெரு தள்ளி" என்று பொதுவாகக் கையைக் காட்டிவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். போகிற போக்கில் அனுப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார். "ஜாக்கிரதையா போம்மா. காலம் கெட்டுக் கெடக்குது."

அவள் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"உல வெக்காத வூட்லருந்து ரசம் வந்திருக்குது" என்றான் புகழ்வேந்தன். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

* * *

வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு டீக்கடை போதுமாக இருந்தது. சவுக்குத் தோப்பை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. முன்கதவில் பூட்டு தொங்கியது. ஆனால் பக்கவாட்டுச் சந்தில் நடந்தபோது தாளிக்கிற மணம் வந்தது.

பின்பக்கம் சமையலறை திறந்திருந்தது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தட்டில் சோறு வைத்து, அதை ஒரு தாளால் மூடிக்கொண்டிருந்தாள். அனுப்பிரியாவுக்கு அவளைத் தெரியும். மாலையில் பாரில் கிளாஸ் கழுவுகிற வள்ளியம்மாள். தட்டின் மேலிருந்த தாளையும் அவளுக்குத் தெரியும். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள்.

"ஏம்மா, நீ இன்னா இங்க?" என்று வள்ளியம்மாள் பதறினாள்.

லில்லி தட்டைப் பார்த்தார். ஒரு தட்டு. ஒரு கிண்ணம் ரசம்.

"வள்ளியம்மா, மொதலாளி பார்ல சாப்புடறாரு. அண்ணி பிரான்சுல. இந்தச் சோறு யாருக்கு?"

வள்ளியம்மாளின் தட்டு ஆடியது. ரசம் கிண்ணத்திலிருந்து வழிந்து தாளில் மஞ்சளாகப் பரவியது.

"உள்ள இருக்கற அக்காவுக்கு மூள சரியில்லம்மா. வெளிய சொன்னா என் வேல போயிடும்னு மொதலாளி சொல்லியிருக்காரு."

அனுப்பிரியாவுக்குக் காதில் கடல் சத்தம் மட்டும் கேட்டது. நேற்று இரவெல்லாம் அவள் தன் வீட்டுக் கதவையும், தன் வீட்டுக் கிணற்றையும், தன் உயிரையும் அந்தச் சொற்களில் வாசித்துக்கொண்டிருந்தாள். யாருடைய கதவு என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"மெரட்டல் இல்லடி அது" என்றார் லில்லி மெதுவாக. "யாரோ கூப்புடறாங்க."

"அப்ப சாவி கெணத்துல" என்ற அனுப்பிரியா, யாரும் சொல்வதற்கு முன்பே ஓடினாள். கிணற்றின் ராட்டினக் கம்பத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் ஒற்றைச் சாவி தொங்கியது. அதை எடுத்தபோது ஆணியில் உரசி 'கிளிங்' என்றது.

கோடியில் இருந்த அறைக்கு வெளிப்பக்கம் இரும்பு நாதாங்கி அடித்து, கைப்பிடி அளவு பூட்டு போட்டிருந்தது. உள்ளே சத்தம் இல்லை. அனுப்பிரியா சாவியை நுழைத்தாள். உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா? சனி, உயிர் என்று எழுதி ஒரு வாரம் ஆகிவிட்டதே.

"சாவி எடுக்கற சத்தம் கேட்டுது, ஆனா இது வள்ளி நட இல்லியே. யாரு அது?" என்று உள்ளிருந்து வறண்ட குரல் வந்தது.

"நான்... நான் அனுப்பிரியாம்மா."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அமைப்பு அனுப்பிரியாவா?" என்றது குரல். தாளின் அடியில் அவள் பெயர் அப்படித்தான் அச்சாகும். "ஏம்மா, பனிக்குப் போயி தைன்னு குறிப்பு குடுத்திருந்தியே? மார்கழின்னு குடுத்தாதான நல்லா இருக்கும்."

அனுப்பிரியா கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

கதவு திறந்தது. நரைத்த தலையும் ஒடுங்கிய உடம்புமாக ஒரு பெண் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறையில் ஜன்னல் பலகை ஆணி அடித்து மூடப்பட்டிருந்தது. தலைமாட்டில் மாத்திரை அட்டைகள்.

உஷாராணி முப்பது வருடம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். கவுன்டரில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் குறுக்கெழுத்து போடுவது அவர் வழக்கம். வீடும் பார் இருக்கிற இடமும் அவர் பெயரில்தான் இருந்தன. கணவர் இறந்த பிறகு கொழுந்தன் நீட்டிய பத்திரத்தில் அவர் கையெழுத்து போட மறுத்தார். அன்றிலிருந்து இந்த அறை.

"வள்ளிகிட்ட எது குடுத்தாலும் அவன் வாங்கிப் படிச்சிடுவான்" என்றார் உஷாராணி, மூச்சு வாங்கியபடி. "வேஸ்டான பிரிண்ட சோத்துத் தட்டுல மூடி அனுப்புவாங்க. எழுதி, பொட்டியில போட்டா பரிசு கெடைக்கும்னு வள்ளிகிட்ட சொன்னன். அவன் பாத்துட்டுச் சிரிச்சான். பைத்தியத்துக்கு நல்ல பொழுதுபோக்குன்னான். சனிக்கிழமையில அவன் பார்லயே இருப்பான், அதான் சனின்னு எழுதினன். இந்த மாசம் மாத்திரைய ஏத்திக்கினே போறான். போன வாரம் ரெண்டு நாள் கண்ணு முழிக்கவே இல்ல. இன்னும் ஒரு வாரம் போனா எழுதறதுக்குக் கூட நான் இருக்க மாட்டன்னு..."

லில்லி ஏற்கெனவே போனில் ஸ்டேஷனோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

மணவாளன். டவுனுக்குப் போகவில்லை. மாருதி தன் தெருப்பக்கம் திரும்பியதைப் பார்த்து வந்திருக்கிறார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அனுப்பிரியாவையே முறைத்தார். ஆனாலும் அவள் கதவை விட்டு நகரவில்லை. உஷாராணியின் கை அவள் கையைப் பற்றியிருந்தது. எலும்பு மட்டும் இருந்த அந்தக் கையின் பிடி பயங்கர இறுக்கமாக இருந்தது.

"வெளிய வா" என்று மணவாளன் அடிக்குரலில் சொன்னார். "எங்க குடும்ப விஷயம் இது."

புகழ்வேந்தன் குறுக்கே போய் நின்றான். "நானும் குடும்பந்தான் சார். சம்பளம் இல்லாத அண்ணன்."

மணவாளன் அவனைத் தள்ளினார். புகழ்வேந்தன் துணி துவைக்கிற கல்லில் மோதி, எழுந்து, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றான். வாயோரம் ரத்தம். இரண்டாவது முறை தள்ளினார். இரண்டாவது முறையும் வந்து நின்றான். மூன்றாவது முறைக்குள் தெருவில் ஜீப் வந்துவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் தெய்வநாயகம் இரண்டு சிவப்புத் தொப்பிக் காவலர்களோடு உள்ளே வந்தபோது மணவாளனின் முகம் மறுபடி மாறிவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"மனசு சரியில்லாத பொம்பள சார். பெத்த தாய் மாதிரி வெச்சுப் பாத்துக்கறன். வெளிய வுட்டா கடல்ல போயி வுழுந்துடுவாங்க. டாக்டர் சீட்டு இருக்குது."

தெய்வநாயகம் தயங்கினார். உஷாராணியின் கலைந்த தலையையும் கிழிந்த ரவிக்கையையும் பார்த்தார். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் அனுப்பிரியாவின் பயம் மேலும் பெரிதானது. கதவு மறுபடி மூடப்படலாம். எல்லோரும் போய்விடலாம்.

"அரை மணி நேரம் முன்னாடி எங்ககிட்ட பிரான்சுன்னீங்களே?" என்றார் லில்லி.

"வெளிய சொல்ல வெக்கமா இருக்காதா மேடம்?"

எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அனுப்பிரியா சட்டென்று பையைத் திறந்து, மூன்று தாள்களையும் தன் சுத்தமான பிரதிகளையும் எடுத்து சப் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"சார், இது நான் போட்ட புதிர். ஒரு கட்டம் போட எனக்கு மூணு நாள் ஆவும். இவங்க என் கட்டத்துக்குள்ளயே, குறுக்க போற எழுத்து ஒண்ணு கூட கெடாம, தன் கதைய எழுதி வெளிய அனுப்பியிருக்காங்க. கதவு பூட்டியிருக்குது, கெணத்தடியில சாவி, சனிக்கிழம வாங்க, உயிர் போவுது. மனசு சரியில்லாதவங்களால இது முடியுமா சார்? அவரையே எழுதச் சொல்லுங்க. மதகு வர எடத்துல, நடு எழுத்து மாறாம, வேற ஒரு வார்த்த."

தாளும் பேனாவும் மணவாளனின் கைக்குப் போயின. அவர் வெறித்துப் பார்த்தார். கோழி கூவியது. காவலர் ஒருவர் விரல்விட்டு எழுத்தை எண்ணிப் பார்த்தார்.

"பதக்கம்" என்றார் மணவாளன்.

"அஞ்சு எழுத்து" என்று கட்டிலிலிருந்து உஷாராணி சொன்னார்.

தெய்வநாயகம் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கவரில் போட்டார். பிறகு அந்தப் பழைய பூட்டைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். "டாக்டர் சீட்ட ஸ்டேஷன்ல வந்து காட்டுங்க. ஜீப்புல ஏறுங்க" என்றார் மணவாளனிடம். அந்தக் குரலில் தயக்கம் இல்லை.

ஜீப் போன பிறகு வள்ளியம்மாள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உஷாராணி அவளிடம் போய், "அழாத. நீ கொண்டு போயி போட்டதாலதான் வந்தாங்க" என்று தோளைத் தொட்டார். பிறகு வெயிலில் நின்று கண் கூச, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துத் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, வண்டி இருக்குது. அப்புறம் உங்க மவளுக்கு போன் போட்டுத் தரன்" என்றார் லில்லி.

"போலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்குது." உஷாராணி புகழ்வேந்தனைப் பார்த்தார். "தம்பி, ஸ்குரூ டிரைவர் இருக்குதா? அந்த நாதாங்கிய கழட்டிடு."

புகழ்வேந்தன் காருக்கு ஓடினான். நான்கு திருகாணிகள். துருப்பிடித்திருந்தன. கடைசி ஒன்று வர மறுத்தபோது அனுப்பிரியா கதவைத் தாங்கிப் பிடித்தாள். அவன் முழு பலத்தையும் போட்டுத் திருகினான். இரும்பு தரையில் விழுந்ததும் உஷாராணி கதவைத் தானே ஒருமுறை மூடி, தானே திறந்து பார்த்தார்.

"சரி, இப்ப போலாம்" என்றார்.